வசனகர்த்தா வசனத்தைக் கைவிட்டபோது: ‘முள்ளும் மலரும்’ (1978) உருவான விதம்

படப்பிடிப்பு முடிந்து, பின்னணி இசை சேர்ப்பதற்கு முன்னால் தயாரிப்பாளருக்கு ஒரு பிரதி போட்டுக் காட்டுவார்கள். படம் ஒரு சுருளிலும் ஒலி இன்னொரு சுருளிலும் ஓடும். ‘டபுள் பாசிடிவ்’ என்பார்கள். இசையின் துணை இல்லாமல் படம் வெறும் எலும்பும் தோலுமாக நிற்கும் நேரம் அது. ‘முள்ளும் மலரும்’ படத்தை அந்த நிலையில் பார்த்த ஆனந்தி ஃபிலிம்ஸ் வேணு செட்டியார் கொதித்துப் போனார். படத்தில் வசனமே இல்லையே என்பதுதான் அவருடைய புகார். இயக்குநர் மகேந்திரன் பின்னாளில் எழுதியும் பேசியும் வந்த நினைவுகளில் இந்த நிகழ்ச்சி தவறாமல் இடம்பெறும்.

செட்டியாரின் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் புது இயக்குநர் ஒருவரைத் தேடிப் போகவில்லை. ‘தங்கப்பதக்கம்’ எழுதிய வசனகர்த்தாவைத் தேடிப் போனார். சிவாஜி கணேசன் காவல்துறை அதிகாரியாக நடித்து, தியேட்டர் தியேட்டராகக் கைதட்டல் வாங்கிய 1974-ஆம் ஆண்டுப் படம் அது. அந்தக் கை எழுதும் இன்னொரு படம், அதுவும் அண்ணன் தங்கை கதை என்றால் தமிழ்நாட்டில் எந்தத் தயாரிப்பாளர் யோசிப்பார்? ‘பாசமலர்’ வந்து 17 வருஷம் ஆகியும் அதன் கண்ணீர் காயவில்லை. மகேந்திரன் அண்ணன் தங்கை கதை என்று சொன்ன மாத்திரத்தில், முழுத் திரைக்கதையையும் கேட்காமலே செட்டியார் சம்மதித்தார். அவர் மனசில் ஓடிய படம் வேறு, மகேந்திரன் எடுத்து வந்த படம் வேறு.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரஜினியின் நடிப்பில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஒரு எழுத்தாளர் தனக்குச் சோறு போட்ட திறமையை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு படம் எடுத்தார் என்பது. எதைச் சேர்த்தார் என்பதைவிட எதை எடுத்து வெளியே போட்டார் என்று பார்த்தால்தான் இந்தப் படம் பிடிபடும்.

எழுத்தாளரின் மனக்குறை

மகேந்திரன் 1939-இல் இளையான்குடியில் பிறந்தவர். இயற்பெயர் அலெக்சாண்டர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்தபோது எம்.ஜி.ஆர். விருந்தினராக வந்த விழாவில், அவரை மேடையில் வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவின் செயற்கைத்தனத்தை வெளுத்து வாங்கினார். நிஜ வாழ்க்கையில் காதலிக்கிறவர்கள் பயந்து பயந்து ஒளிந்து பேசுகிறார்கள், சினிமாவில் ஊரே பார்க்க டூயட் பாடுகிறார்கள் என்கிற ரீதியில் போன பேச்சு. எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை. பாராட்டினார். சில வருஷங்கள் கழித்துச் சென்னையில் சந்தித்தபோது ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதும் வேலையைக் கொடுத்தார். அந்தப் படம் நடக்கவில்லை. ஆனால் மகேந்திரன் சினிமாவுக்குள் வந்துவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். எதைக் கண்டித்துப் பேசினாரோ அதே வகைப் படங்களுக்குக் கதையும் வசனமும் எழுதுவதே அவருடைய பிழைப்பானது. ‘நாம் மூவர்’, ‘சபாஷ் தம்பி’, ‘நிறைகுடம்’ என்று வரிசையாகப் படங்கள். நடுவில் ‘துக்ளக்’ பத்திரிகையில் வேலை, சினிமா விமர்சனம். ‘தங்கப்பதக்கம்’ முதலில் நாடகமாக மேடையேறி, பிறகு படமானது. அதன் வெற்றிக்குப் பிறகு அவருக்கு எழுத்து வேலைக்குக் குறைவே இல்லை. ஆனாலும் சினிமாவை விட்டே போய்விடலாம் என்ற எண்ணம் அவரை விடவில்லை. பாத்திரங்கள் வரிசையாக வந்து நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் பேசி, முடிந்ததும் வெளியேறுவது நாடகம், அது சினிமா ஆகாது என்பது அவருடைய மாறாத கட்சி. அதை வெளியில் நின்று சொல்பவர்கள் நிறைய பேர். அந்த நாடகத்தை எழுதியே பெயர் வாங்கியவர் சொன்னதால்தான் அதற்கு எடை கூடுகிறது.

பாதியில் மூடிய நாவல்

உமாசந்திரன் எழுதிய ‘முள்ளும் மலரும்’ கல்கி பத்திரிகையின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் பரிசு பெற்று, 1960-களின் நடுவில் தொடராக வந்தது. மலையில் மின்நிலையம், அங்கே டிராலியை இழுக்கும் விஞ்ச் இயந்திரத்தை இயக்கும் காளி, அவன் தங்கை வள்ளி. மகேந்திரனைப் பிடித்து இழுத்தவை இரண்டு விஷயங்கள்: விஞ்ச் ஆபரேட்டர் என்கிற அந்த வேலை, அவன் ஒரு கையை இழப்பது. அந்த இடம் வந்ததும் மேற்கொண்டு படிக்காமல் நாவலை மூடிவிட்டு, மிச்சத்தைத் தானே எழுதிக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார்.

மாற்றங்களில் ஒன்று மட்டும் தனியாகப் பேசத் தகுந்தது. நாவலில் காளியின் கையைப் பறிப்பது புலி. படத்தில் லாரி. செலவையும் வசதியையும் நினைத்துச் செய்த மாற்றம் என்று தாண்டிப் போய்விடலாம். ஆனால் இந்த ஒரு மாற்றத்தில் கதையின் அஸ்திவாரமே இடம் மாறிவிடுகிறது.

புலி அடித்தால் அது விதி. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. படத்தில் நடப்பதைப் பாருங்கள். புதிதாக வரும் என்ஜினீயர் குமரன் விதிமுறையை மீறாதவர். காளி விதிமுறையை மதிக்காதவன், ஆனால் ஊருக்கு உதவுகிறவன். கிராமத்து ஜனங்களை டிராலியில் ஏற்றிக்கொண்டு போவதில் அவன் தப்பே பார்ப்பதில்லை. உரசல் முற்றி, காளி வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தப்படுகிறான். அந்த அவமானத்தில் குடிக்கிறான், போதையில் சாலையில் விழுந்து கிடக்கிறான், லாரி கையின் மேல் ஏறுகிறது. கை போன பிறகு விஞ்ச் வேலையும் போகிறது. ஒவ்வொரு கண்ணியும் மனிதர்கள் செய்ததுதான். குமரன் செய்தது சரி. காளிக்கு ஏற்பட்ட நஷ்டம் நிஜம். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதால்தான், அதே குமரன் வள்ளியைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கும்போது காளியின் வெறுப்பை நம்மால் முழுக்கத் தள்ளவும் முடிவதில்லை, முழுக்க ஏற்கவும் முடிவதில்லை. வில்லன் இல்லாத கதையில் இவ்வளவு இறுக்கம் வருவது இதனால்தான்.

விஞ்ச் பற்றியும் ஒரு வார்த்தை. நீர்மின் நிலையங்களில் தண்ணீர் வரும் ராட்சதக் குழாய்கள் மலைச்சரிவில் செங்குத்தாக இறங்கும். கீழே மின்நிலையம், மேலே குடியிருப்பும் அலுவலகமும். ஆட்களும் சாமான்களும் ஏறி இறங்குவது தண்டவாளத்தில் ஓடும் டிராலியில். அதை இரும்புக் கயிறு இழுக்கும், அந்தக் கயிற்றைச் சுற்றி விடும் இயந்திரம்தான் விஞ்ச். நெம்புகோலைப் பிடித்து நிற்பவன் கையில் டிராலியில் இருக்கும் அத்தனை உயிர்களும் இருக்கின்றன. அதிகாரி விதிமுறையைப் பிடித்துத் தொங்குவது ஏன், காளிக்கு அந்த வேலையில் அப்படி ஒரு கர்வம் ஏன், இரண்டுக்கும் பதில் இந்த வேலையிலேயே இருக்கிறது. கையை நம்பிச் செய்யும் வேலை, கையாலேயே போகிறது. மகேந்திரன் இதை யாரையும் பேச வைத்து விளக்கவில்லை. காளி வேலை செய்வதைக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

காளியாக யார்

1978-இன் தொடக்கத்தில் ரஜினிகாந்த் வளர்ந்துவரும் நடிகர். ‘மூன்று முடிச்சு’, ‘16 வயதினிலே’ படங்களில் பார்த்த முரட்டு, வஞ்சக முகம்தான் ஜனங்கள் மனசில் இருந்தது. தமிழில் தனி நாயகனாக அவர் நடித்த ‘பைரவி’யே அந்த ஆண்டு ஜூனில்தான் வெளிவந்தது. கறுப்பு நிறம், வில்லன் முத்திரை, இவரைப் போய்ப் பாசக்கார அண்ணனாகப் போடுவதா என்று செட்டியார் தயங்கினார். ரஜினி இல்லையென்றால் தான் இந்தப் படத்தை இயக்கப் போவதில்லை என்று மகேந்திரன் சொல்லிவிட்டார். முதல் படம் இயக்க வருகிற ஒருவர் அப்படிச் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை.

அந்தப் பிடிவாதத்துக்குக் கிடைத்த பலன் பெரிது. முதல் சில நிமிடங்களிலேயே, கிராமத்து ஆளை இடித்துவிட்டு நிற்காமல் போன காரின் விளக்குகளைக் காளி உடைக்கிறான். வேறொரு நாயகன் செய்தால் அது நீதி கேட்கும் வீரம். ரஜினி செய்யும்போது அதில் ஒரு ஆபத்தும் தெரிகிறது. இவன் நல்லவன்தான், ஆனால் இவனோடு ஒரே வீட்டில் வாழ்வது கஷ்டம் என்று உடனே புரிந்துபோகிறது. வில்லன் வேடங்கள் அவருக்குக் கொடுத்த அந்தக் கூர்மையை மகேந்திரன் அழிக்கவில்லை, அன்பின் பக்கம் திருப்பிவிட்டார். வள்ளியின் மேல் காளி வைத்திருக்கும் பாசத்தில் ஒரு ஆக்கிரமிப்பு இருக்கிறது என்பதைப் படம் மறைக்கவே இல்லை.

வள்ளியாக ஷோபா. அப்போது அவருக்கு 16 வயதுகூட நிறையவில்லை. இந்தப் படத்தில் நடிப்பு என்று தனியாகச் சுட்டிக்காட்டும்படி அவர் எதுவும் செய்வதில்லை. அண்ணனின் முகத்தைப் படித்துக்கொண்டே இருக்கிறார். காளியின் குணத்தை நமக்குச் சொல்வது அவருடைய கண்கள்தான். காளியின் மனைவி மங்காவாக ‘ஃபடாபட்’ ஜெயலட்சுமி, குமரனாக சரத்பாபு. சரத்பாபு தேவைக்கு மேல் ஒரு துளிகூடச் செய்யாதது படத்துக்கு நல்லதாகப் போயிற்று. குமரன் கொஞ்சம் திமிராக நடந்துகொண்டிருந்தாலும் காளி தியாகி ஆகியிருப்பான், கதை பாழாகியிருக்கும்.

மலையும் வெளிச்சமும்

‘16 வயதினிலே’ 1977-இல் தமிழ் சினிமாவை ஸ்டுடியோவுக்கு வெளியே இழுத்து வந்திருந்தது. அடுத்த வருஷம் அந்தக் கதவு விரியத் திறந்தது. ஆகஸ்ட் 15 அன்று ‘முள்ளும் மலரும்’ வெளியானபோது, ‘கிழக்கே போகும் ரயில்’ சில நாட்களுக்கு முன்புதான் வந்திருந்தது. ‘அவள் அப்படித்தான்’ அக்டோபரில் வந்தது. மூன்றும் மூன்று திசை.

மகேந்திரனுக்கு ஒளிப்பதிவாளரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் கமல்ஹாசன். ‘கோகிலா’ என்ற கன்னடப் படத்தில் தன்னை இயக்கிய பாலு மகேந்திராவை அவர் அறிமுகப்படுத்தி வைத்தார். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் படித்து, மலையாளத்தில் பெயர் வாங்கியிருந்த பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவாளராகத் தமிழில் இதுதான் முதல் படம். தமிழில் ஒரு புது இயக்குநருக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் வாய்த்ததில்லை என்றே நினைக்கிறேன். படப்பிடிப்பின் பெரும்பகுதி கர்நாடகத்தில் சிருங்கேரியை ஒட்டிய மலைப்பகுதியில் நடந்தது.

அந்தக் காலத்து அவுட்டோர் படப்பிடிப்பில்கூட ஸ்டுடியோ விளக்குகளையும் ரிஃப்ளெக்டர்களையும் முகத்தில் பளிச்சென்று அடிப்பதுதான் வழக்கம். காடாக இருந்தாலும் நடிகர் முகம் திருமண வீட்டு முகமாக ஜொலிக்கும். பாலு மகேந்திரா இருக்கிற வெளிச்சத்துக்குள் வேலை செய்கிறவர். காலைப் பனியும் சாயங்கால மங்கலும் அப்படியே இருக்கும், வீட்டுக்குள் ஜன்னல் வழியாக வருவதுதான் வெளிச்சம். இது வெறும் அழகுக்காக அல்ல. முகம் பாதி நிழலில் இருந்தால் பார்க்கிறவர் அந்த முகத்தைத் தேடிப் பார்க்கிறார். தேடிப் பார்க்கிறவருக்கு வசனம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மகேந்திரன் வசனத்தைக் குறைக்கத் துணிந்ததற்கு இந்த ஒளிப்பதிவு கொடுத்த தைரியம் ஒரு முக்கியக் காரணம்.

பேசாத இடங்கள்

கையை இழந்த காளி வீடு திரும்பி, தங்கை முன்னால் நிற்கும் இடம். ‘பாசமலர்’ பாணியில் இந்தக் காட்சிக்கு இரண்டு பக்க வசனம் எழுதலாம், அண்ணனும் தங்கையும் மாறி மாறி அழலாம். ‘தங்கப்பதக்கம்’ எழுதியவருக்கு அது ஒரு மணி நேர வேலை. இங்கே வள்ளி புரிந்துகொள்ளும் அந்த நொடியை இரண்டு நடிகர்களின் முகமும் இளையராஜாவும் சேர்ந்து தாங்குகிறார்கள். எழுதத் தெரிந்த ஒருவர் எழுதாமல் விட்ட இடம் இது.

‘அன்னக்கிளி’ வந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த இளையராஜா, பின்னணி இசையில் எவ்வளவு தூரம் போவார் என்று முழுசாகக் காட்டிய ஆரம்பகாலப் படங்களில் இது ஒன்று. டபுள் பாசிடிவில் வெற்றிடமாகத் தெரிந்த இடங்களெல்லாம் அவருக்காக விட்டு வைத்தவை. அவரும் எல்லா இடத்தையும் நிரப்பிவிடவில்லை, பல இடங்களில் ஒதுங்கி நிற்கிறார். பாடல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜென்சியின் ‘அடி பெண்ணே’, வாணி ஜெயராமின் ‘நித்தம் நித்தம் நெல்லுச் சோறு’, எஸ்.பி.பி.யின் ‘ராமன் ஆண்டாலும்’, ஜேசுதாஸின் ‘செந்தாழம்பூவில்’. டூயட் கிடையாது. காதலர்கள் இருவர் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரைப் பார்த்து ஒருவர் பாடி ஆடுவதில்லை. கல்லூரி மேடையில் எம்.ஜி.ஆர். முன்னால் பேசியதை இருபது வருஷம் கழித்துச் செய்து காட்டிவிட்டார்.

அந்த ‘செந்தாழம்பூவில்’ பாட்டுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. குமரன் ஜீப்பை ஓட்ட, வள்ளியும் மற்றவர்களும் மலைப்பாதையில் போகிறார்கள். குமரன் மனசில் வள்ளி இடம்பிடித்ததை நாம் முதன்முதலில் முழுசாக உணர்வது அங்கேதான். அந்தப் பாட்டுக்குக் கொண்டுவந்து விடும் காட்சி எடுக்கப்படாமல் பாக்கி இருந்தது. டபுள் பாசிடிவ் பார்த்துவிட்டுக் கசந்து போயிருந்த செட்டியார் இனி ஒரு காசு செலவழிக்க மாட்டேன் என்றுவிட்டார். விஷயம் தெரிந்து செலவை ஏற்றுக்கொண்டவர் கமல்ஹாசன். படத்தில் அவர் நடிக்கவில்லை, அவருக்கு அதில் லாபமும் இல்லை. நாயகனோ அவருக்குச் சரிசமமாக வளர்ந்துகொண்டிருந்த ரஜினி. அந்த வயதில் அப்படிச் செய்ய ஒரு பெரிய மனசு வேண்டும். குமரனின் காதலுக்கு அந்தத் தொடக்கம் இல்லாமல் போயிருந்தால், அவர் பிறகு வந்து பெண் கேட்பது திடீரென்று முளைத்ததாகத் தெரிந்திருக்கும்.

சாலையில் முடியும் சண்டை

காளி வள்ளியை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுக்க நிச்சயம் செய்கிறான். மங்காவும் ஊராரும் சேர்ந்து வள்ளியைக் குமரனிடம் சேர்க்கப் புறப்படுகிறார்கள். சாலையில் எதிரே வந்து நிற்கிறான் காளி. ஊர் முழுக்க அந்தப் பக்கம், ஒற்றைக் கையோடு இவன் மட்டும் இந்தப் பக்கம். வள்ளி ஓடிவந்து அண்ணனோடு நின்றுவிடுகிறாள். தங்கை தன்னைத்தான் பெரிதாக நினைக்கிறாள் என்று தெரிந்த அந்தக் கணத்தில் காளிக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. அவனே அவளைக் குமரனிடம் ஒப்படைக்கிறான். ஆனால் இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று என்ஜினீயரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறான்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த முடிவைக் கொண்டாடலாம். வழக்கமான படம் என்றால் இருவரும் கட்டித் தழுவியிருப்பார்கள். காளி திருந்தவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. படம் முழுக்க வசனத்தைச் சிக்கனமாக வைத்திருந்ததால்தான் இங்கே பேசப்படும் சில வரிகள் இவ்வளவு கனக்கின்றன.

குறையும் இங்கேயே இருக்கிறது. வள்ளிக்கு வேண்டியது, அவள் அண்ணனைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அவளுக்குக் கிடைக்கிறது. அவளுடைய கல்யாணம் காளியின் மனசு குளிர்வதற்கான பரீட்சை ஆகிவிடுகிறது. இன்றைக்குப் பார்க்கும்போது அது உறுத்தவே செய்கிறது. மங்காவின் சாப்பாட்டு ஆசையைத் திரும்பத் திரும்பச் சிரிப்புக்குப் பயன்படுத்துவதும், மாப்பிள்ளையாக வரும் வெண்ணிற ஆடை மூர்த்தியின் பாத்திரம் ஒரே சுருதியில் ஓடுவதும் படத்தின் மற்ற பகுதிகளின் நிதானத்தோடு ஒட்டவில்லை. காளிக்கும் குமரனுக்கும் நடுவில் இருக்கும் தொழிலாளி, அதிகாரி என்ற இடைவெளியைத் திறந்து வைத்துவிட்டுப் பாசக் கதைக்குள் போய்விடுவதும் எனக்கு ஒரு மனக்குறை.

வெளியான பிறகு

முதல் சில வாரங்கள் தியேட்டர்களில் பெரிய அசைவில்லை. பிறகு பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்ந்தது, படம் நூறு நாளைத் தாண்டி ஓடியது. தமிழ்நாடு அரசின் சிறந்த படத்துக்கான விருது கிடைத்தது, ரஜினிக்குச் சிறப்புப் பரிசு கிடைத்தது. அவரை அறிமுகப்படுத்திய கே. பாலசந்தர் படத்தைப் பார்த்துவிட்டுப் பாராட்டிக் கடிதம் எழுதினார். பின்னாளில் அதே பாலசந்தர் பொது மேடையில், உனக்குப் பிடித்த இயக்குநர் யார் என்று கேட்டபோது ரஜினி தன் குருநாதரிடமே சொன்ன பெயர் மகேந்திரன்.

மகேந்திரன் அடுத்த ஆண்டே புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். அதில் நட்சத்திரம் யாரும் இல்லை, வசனம் இன்னும் குறைவு. ‘முள்ளும் மலரும்’ ஓடாமல் போயிருந்தால் அந்தப் படத்துக்குப் பணம் போட யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள். வசனம் இல்லையே என்று கொதித்த வேணு செட்டியார், ஆரம்பத்தில் கதையைக் கேட்காமலே சம்மதித்ததற்காகத் தமிழ் சினிமா அவருக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.